அன்னாசிக்கு உலகம் காட்டியவர்

மனிதர்களில் சந்தைகாட்டி என்றோர் இனம் உண்டு. பயப்பட வேண்டாம், கடிக்காது. பேசும்.

நீங்கள் எதையாவது பாடுபட்டு விளைவித்துவிட்டு, இதை யாரிடம் விற்பது என்று தெரியாமல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, கதவில் கோதுமைக் கதிரும் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகளும் வரைந்த வெள்ளை பிக்கப் வண்டியில் (எங்கள் பக்கம் கோதுமை விளைவதில்லை, அதனால் என்ன), அடிக்கிற வெயிலில் கோட்டும் டையுமாக வந்து இறங்கி, கடல் இருக்கும் பக்கம் விரலை நீட்டி, "அதோ உலகச் சந்தை!" என்று சொல்பவர் எவரோ அவரே சந்தைகாட்டி. திசைகாட்டி வடக்கைக் காட்டும், தான் வடக்கே போகாது. இவரும் அப்படித்தான். ஒரே ஒரு பழத்தைக்கூடக் கப்பலில் ஏற்றி அறியாதவர். கப்பலில் ஏற்றுவது எப்படி என்று எட்டு மணி நேரம் பேச அவரால் முடியும்.

எங்கள் ஊர் தலைநகர் அக்ராவுக்கு மேற்கே, மான்கெசிம் என்கிற சந்தை ஊருக்குத் தெற்கே, கடற்கரைக்குப் பக்கத்தில். நாங்கள் போடுவது அன்னாசி. பச்சையாகவே பழுக்கிற ரகம். தோல் பச்சை, உள்ளே வெள்ளை, வாயில் வைத்தால் தேன். பழுத்துவிட்டதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, சுண்டிப் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும். இது இந்தக் கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு வாய்த்த சந்தைகாட்டி திருவாளர் எசாண்டோவுக்கும் தெரியும். அவர் பக்கத்து ஊர்க்காரர்தான், அவருடைய அம்மா நெடுஞ்சாலை ஓரத்தில் இதே பழத்தைக் கூடையில் வைத்து விற்றுத்தான் அவரை அக்ராவில் படிக்க வைத்தாள். படித்த பிறகு அவர் காட்டிய படங்களில் எல்லாம் அன்னாசி மஞ்சளாக இருந்தது.

"உலகம் மஞ்சளைக் கேட்குது," என்றார்.

உலகத்தை அவர் நேரில் பார்த்து வந்தவர். எங்கள் சார்பில் ஐரோப்பாவில் ஒரு பழக் கண்காட்சிக்குப் போய், பை நிறையப் பேனாக்களோடு திரும்பி வந்தார். எங்கள் பழத்தை அங்கே கொண்டுபோய்க் காட்டினீர்களா என்று ஆசையாகக் கேட்டோம். விமானத்தில் எடை அதிகமாகிவிடும் என்று விட்டுவிட்டுப் போனாராம். பேனாக்களை எல்லாருக்கும் கொடுத்தார். நன்றாக எழுதுகின்றன.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது எளிது. கையில் இரண்டு போன் இருக்கும். ஒன்று பேசுவதற்கு, இன்னொன்று நாம் பேசும்போது பார்ப்பதற்கு. மதிப்புக்கூட்டல், திறன் வளர்ப்பு, விநியோகச் சங்கிலி ஆகிய சொற்களை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். நாம் தலையாட்ட வேண்டும். எந்தப் பேச்சையும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்: "ஐரோப்பாவுல ஒரு குழந்தை காலையில கண்ணு முழிச்சதும் என்ன கேட்குது தெரியுமா?" அதற்கு அன்னாசி என்று நாம் சொல்ல வேண்டும். ஒருதரம் கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ, "எங்க வீட்டுல கஞ்சி கேட்குதுங்க," என்றார்கள். எசாண்டோ மனம் விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமில்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ விரட்டியிருப்போம்.

இன்னொரு முக்கியமான அடையாளம்: நீங்கள் கேட்டதும் அவர் "அருமையான கேள்வி!" என்று சொன்னால், பதில் வராது என்று அர்த்தம்.

முதல் கூட்டத்திலேயே இதை எகுவா மன்சா கண்டுபிடித்தாள். மன்சா அக்கா எங்கள் அன்னாசிச் சங்கத்தின் தலைவி. நான் செயலாளர், பெயர் கோபினா. செயலாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கூட்டம் முடிந்ததும் நன்றியுரை சொல்வது என் வேலை.

"ஐயா, நாங்க வேற ஒண்ணும் கேட்கல," என்றாள் மன்சா அக்கா. "பழம் வாங்குறவர் யாராவது ஒருத்தரோட போன் நம்பர் இருந்தா குடுங்க. போதும்."

"நம்பர் என்னக்கா நம்பர்! அது ஒரு நாள் கூத்து. அந்த நம்பர்ல எப்படிப் பேசணும்னு தெரிஞ்சுகிட்டா வாழ்நாள் பூராவும் வரும்ல?"

"பேச எங்களுக்கு நல்லாவே வரும்யா. யார்கிட்டப் பேசறதுன்னுதான் தெரியல."

"அருமையான கேள்வி!"

ஆகவே போனில் பேசுவது எப்படி என்று ஒரு பயிற்சி நடந்தது. பிறகு கைகுலுக்குவது எப்படி, பெட்டியில் அடுக்குவது எப்படி, புன்னகை செய்வது எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பனியன் கொடுத்தார்கள், நெஞ்சில் "நான் உலகச் சந்தைக்குத் தயார்" என்று எழுதி. ஊரே அதைப் போட்டுக்கொண்டு களை வெட்டியது. தொப்பியும் கொடுத்தார்கள், என்னுடையதை ஆடு தின்றுவிட்டது. பொய் சொல்வானேன், இடைவேளையில் கொடுத்த கறி பப்ஸ் பிரமாதமாக இருக்கும். நம்பர் கேட்கும் எண்ணம் பப்ஸைக் கண்டதும் கொஞ்சம் தள்ளிப் போகும். அப்படியே காலம் ஓடியிருந்தாலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் எசாண்டோ ஒரு நாள், இத்தனை பேச்சுக்கு நடுவே, வாய் தவறி ஒரு யோசனையும் சொல்லிவிட்டார்.

"அளவு வேணும், அளவு! ஒரு கன்டெய்னர் நிறையக் காட்டினாத்தான் உலகம் திரும்பிப் பார்க்கும். நீங்க இன்னிக்கு நாலு, நாளைக்கு நாலுன்னு வெட்டிக்கிட்டிருந்தா எப்படி?"

அன்னாசிக்குக் கார்பைடு கரைத்த தண்ணீரைக் குருத்தில் ஊற்றினால் பூ பிடிக்கும். எப்போது ஊற்றுகிறோமோ அதைப் பொறுத்துப் பழம். அதனால்தான் நாங்கள் இந்த வாரம் ஒரு வரிசை, அடுத்த மாதம் ஒரு வரிசை என்று பிரித்து ஊற்றி, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிட்டு வந்தோம். அவர் பேச்சைக் கேட்டு அந்த வருஷம் ஊர் மொத்தமும் ஒரே வாரத்தில் ஊற்றியது. ஜெபம் செய்து, படம் எடுத்து, கைதட்டி ஊற்றினோம். மன்சா அக்கா ஒருபடி மேலே போய், வீட்டுக்கு என்று வைத்திருந்த மரவள்ளித் துண்டு நிலத்தையும் அழித்து அன்னாசி நட்டாள். மரவள்ளியை வறுத்துச் செய்கிற காரி மாவைக் கடையில் காசு கொடுத்து வாங்கித் தின்பது எங்கள் பக்கத்தில் சோம்பேறிக் குடும்பத்துக்கு அடையாளம். மன்சா அக்கா அந்த வருஷம் முழுவதும் காரியை முந்தானையில் மறைத்து எடுத்துக்கொண்டுதான் கடையிலிருந்து வீட்டுக்குப் போனாள்.

பழம் பழுத்தது. மலைச் சரிவு முழுவதும், ஒரே நேரத்தில்.

நெடுஞ்சாலையில் கூடை வைத்து விற்கும் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு விற்பதைவிட என் தொப்பியைத் தின்ற ஆட்டுக்கே போட்டுவிடலாம். காற்றடித்தால் ஊருக்குள் பழ வாசனை வந்தது. வேறு வருஷமாக இருந்தால் அந்த வாசனை சந்தோஷமாக இருந்திருக்கும். அப்போது நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம். மன்சா அக்காவுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவது, சோறு, கூரை, எல்லாமே அந்தச் சரிவில்தான் கிடந்தது. அவள் எசாண்டோவுக்குப் போன் போட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, எல்லாம் பழுத்துப்போச்சு! என்ன செய்யறது?"

"பிரமாதம்! பிரமாதம் அக்கா! இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். உடனே ஒரு கருத்தரங்கு வச்சிடுவோம்."

மன்சா அக்கா போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, எழுத முடியாத ஒன்றைச் சொன்னாள். ஆனால் இந்தத் தடவை எசாண்டோ எங்களை அசத்திவிட்டார். வாங்குபவர் ஒருவரையே கூட்டிக்கொண்டு வருகிறாராம். நிஜமான வாங்குபவர். சுவிட்சர்லாந்துக்காரர், பெயர் ரெட்டோ, பழங்களை உலர்த்திப் பொட்டலம் போட்டு விற்கிறவர்.

அவர் வருகிற அன்றைக்கு ஊரில் சாவு வீட்டுக்குப் போடுகிற பெரிய பந்தலை வாடகைக்கு எடுத்துப் போட்டோம். மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, நடுவில் ரெட்டோ, வெயிலில் கொய்யா நிறத்துக்குச் சிவந்துபோய். அவருக்கு முன்னால் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. கருத்தரங்குக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர் அச்சடித்த பாட்டில்கள். படம் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று எசாண்டோ சொல்லியிருந்தார். பாவம், அந்த மனிதர் பாட்டிலைப் பார்ப்பதும் எச்சில் விழுங்குவதுமாக இருந்தார்.

இந்த இடத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் ஃபான்டி இனத்து வழக்கத்தில் ஊர்த் தலைவரிடம் யாரும் நேராகப் பேசக் கூடாது. பக்கத்தில் கோல் பிடித்து நிற்கும் பேச்சாளரிடம் சொல்ல வேண்டும், அவர் தலைவரிடம் சொல்வார். தலைவர் சொல்வதையும் அவர்தான் நமக்குத் திருப்பிச் சொல்வார், இருவருக்கும் காது நன்றாகக் கேட்டாலும். எசாண்டோ மைக்கைப் பிடித்துக்கொண்டு ரெட்டோவுக்குப் பக்கத்தில் நின்று, "வாங்குபவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் சொல்லுங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன்," என்றதும், எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. பெரிய மனிதர், பக்கத்தில் பேச்சாளர். கையில் கோலுக்குப் பதில் மைக். முறை சரியாகத்தானே இருக்கிறது என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டோம்.

பிறகு நடந்தவற்றைக் கேளுங்கள். ஜெபம். கூட்டத் தலைவர் அறிமுகம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒட்டூ, தலைமைப் பதவியை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி ஓர் உரை. ஏற்றுக்கொண்ட பிறகு தலைமையுரை. தலைமையுரையின் பொருள், நேரத்தின் அருமை. நேரத்தின் அருமையைப் பற்றி அவர் பேசிக்கொண்டே இருந்தார், நிழல் பந்தலை விட்டு வெளியே போனது. அதற்கப்புறம் எசாண்டோ எழுந்து, "வாங்குபவரை அணுகுவது எப்படி?" என்ற தலைப்பில் தொடங்கினார்.

வாங்குபவர் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இப்போ ஒரு சின்ன நடிப்பு. மாஸ்டர் ஒட்டூ, நீங்கதான் வாங்குறவர். மன்சா அக்கா, நீங்க விற்கிறவங்க. எங்கே, அணுகுங்க பார்ப்போம்!"

மன்சா அக்கா நிஜ வாங்குபவரை ஒரு பார்வை பார்த்தாள், பொய் வாங்குபவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒட்டூவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வணக்கம் ஐயா. எங்ககிட்ட அன்னாசி இருக்கு."

ஒட்டூ கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். வாழ்நாளில் ஒரு பழம்கூட விலைக்கு வாங்கியிராதவர், எல்லாம் மாணவர்கள் கொண்டுவந்து கொடுப்பதுதான். ஆனால் வேஷம் என்று வந்துவிட்டால் சும்மா விடுவாரா? "பச்சையா இருக்கே! எனக்கு வேண்டாம், போம்மா."

"ஐயா, இது பச்சையாத்தான் பழுக்கும். உங்களுக்குத் தெரியாததா? போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல நாலு துண்டு தின்னீங்களே!"

"அது ஒட்டூ தின்னது. நான் ஐரோப்பாக்காரன். எனக்கு மஞ்சள்தான் வேணும்."

பந்தல் அதிரச் சிரித்தது. "பார்த்தீங்களா, பார்த்தீங்களா! இதுதான் உலகச் சந்தையோட சவால்!" என்று எசாண்டோ குதித்தார். இதற்கிடையில் ரெட்டோ கையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எசாண்டோ மிகவும் மரியாதையாக அவர் தோளில் கை வைத்து, "கேள்விகள் கடைசியில்," என்றார்.

ரெட்டோ கையை இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பந்தலுக்கு வெளியே அவருடைய டிரைவர் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, விமானத்துக்கு நேரமாச்சு என்று கையைக் காட்டினான். அதை மன்சா அக்கா பார்த்தாள். ஒட்டூ இன்னும் விலையைக் குறைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் அவரை அப்படியே விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கி, எதிரில் இருந்த தன் வீட்டுக்குள் விறுவிறுவென்று போனாள். திரும்பி வரும்போது கையில் தட்டு, தட்டில் ஒரு குவளைத் தண்ணீர்.

அவள் ரெட்டோவுக்கு முன்னால் வந்து, லேசாகக் குனிந்து, இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள். அவர் குவளையை எடுத்து மடமடவென்று ஒரே மூச்சில் குடித்தார். பந்தலில் ஓர் அமைதி விழுந்தது. ஏனென்றால் எங்கள் நாட்டில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தாகிவிட்டால் அடுத்தது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் சேதி கேட்க வேண்டும். தண்ணீருக்கும் சேதிக்கும் நடுவில் தலைவரானாலும் சரி, போதகரானாலும் சரி, குறுக்கே வாய் திறக்க மாட்டார்கள். எசாண்டோவும் இந்த மண்ணில் வளர்ந்தவர்தானே. மைக் பிடித்த கை தானாகத் தாழ்ந்தது.

"இங்க எல்லாம் சுகம்," என்றாள் மன்சா அக்கா, அவருக்குப் புரிகிற ஆங்கிலத்தில், நிதானமாக. "நாங்க இருந்த இடத்துலயே இருக்கோம். தூரத்துலருந்து நடந்து வந்தது நீங்க. வந்த சேதியைச் சொல்லுங்க."

ரெட்டோ குவளையைத் தட்டில் வைத்தார். "நான் அன்னாசி வாங்க வந்தேன்," என்றார். "பச்சையா பழுக்குமே, அது. ரோட்டோரத்துல ஒரு துண்டு தின்னேன், அதுலருந்து மனசு கேட்கல. மஞ்சள் எங்கே வேணும்னாலும் கிடைக்கும். யார் விளைவிக்கிறாங்க, ஒரு நம்பர் குடுங்கன்னு அக்ராவுல இவர்கிட்டக் கேட்டேன். முதல்ல கருத்தரங்கு வைப்போம்னார்."

ஊரே திரும்பி எசாண்டோவைப் பார்த்தது. அவர் எங்களைப் பார்த்தார். பிறகு கழுத்து டையைச் சரிசெய்துகொண்டார்.

"எவ்வளவு வேணும்?" என்றாள் மன்சா அக்கா.

"நீங்க எவ்வளவு வச்சிருக்கீங்க?"

அவள் சரிவைக் கையால் காட்டினாள்.

அவ்வளவுதான், கருத்தரங்கு கலைந்து மலை ஏறிவிட்டது. முன்னால் மன்சா அக்கா, பின்னால் பழத்தைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டு ரெட்டோ, அதற்குப் பின்னால் கோட்டோடு மூச்சு வாங்க எசாண்டோ, "இதைத்தான் நான் நாலாவது அமர்வுல சொல்ல இருந்தேன்!" என்று சொல்லிக்கொண்டே. பேரம் முடிந்து இருவரும் கைகுலுக்கிய கணத்தில் நடுவில் புகுந்து தன் கையையும் மேலே வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். கீழே பந்தலில் நான் மட்டும் மைக்கோடு நின்றேன். நிரலில் நன்றியுரை என்று போட்டிருந்தது. சொன்னேன். ஆடு கேட்டது.

ரெட்டோ விமானத்தை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டார். லாரிகள் வந்தன. எல்லாம் போகவில்லை, சரிவின் அடிப்பக்கத்துப் பழம் காத்திருந்து காத்திருந்து அழுகித்தான் போனது. ஆனாலும் பெரும்பகுதி ஏறிவிட்டது. மன்சா அக்கா மழைக்கு முன்னால் அந்தத் துண்டில் மறுபடியும் மரவள்ளி நட்டாள். காரியை இப்போது மறைத்து எடுத்துப் போவதில்லை. எசாண்டோவும் நன்றாக இருக்கிறார். வடக்கே முந்திரிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருக்கிறார். தலைப்பு: "தண்ணீர் கொடுத்து வாங்குபவரைக் கவர்வது எப்படி?" மலையில் கைகுலுக்கி எடுத்த அந்தப் படத்தைத்தான் அங்கே காட்டுகிறாராம், அதில் மன்சா அக்காவின் கை மட்டும்தான் தெரிகிறதாம்.

இத்தோடு நிறுத்தினால் சந்தைகாட்டி என்பவர் கோட்டுப் போட்டவர், அக்ராவிலிருந்து வருபவர் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள். அது சரியில்லை.

போன மாதம் அடுத்த ஊர்ப் பப்பாளிக்காரர்கள் இரண்டு பேர் மன்சா அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன். முறைப்படி தண்ணீர் கொடுத்து, முறைப்படி சேதி கேட்டோம்.

"வேற ஒண்ணுமில்லக்கா," என்றான் ஒருவன். "பழமெல்லாம் பழுத்துக் கிடக்கு. அந்த உலர்பழக்காரர் நம்பர் இருந்தா குடுங்க. போதும்."

மன்சா அக்கா என்னைப் பார்த்தாள். நான் மாமரத்தைப் பார்த்தேன். ரெட்டோவிடம் இருப்பது ஒரே பணப்பைதானே? பப்பாளியை வாங்க ஆரம்பித்தால் அன்னாசிக்கு என்ன மிஞ்சும்? இருவர் மனத்திலும் அதே பயம்தான் ஓடியது, சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நம்பர் என்ன தம்பி நம்பர்! அது ஒரு நாள் கூத்து. அவர்கிட்ட எப்படிப் பேசணும்னு தெரிய வேண்டாமா? உலகம்னா சும்மாவா? முதல்ல நல்லா சாய்ஞ்சு உக்காருங்க."

அவர்கள் உட்கார்ந்தார்கள். அவள் பேசினாள். நன்றாகவே பேசினாள், அளவு, தரம், புன்னகை எதையும் விடவில்லை. நான் உள்ளே போய்ப் பழைய பனியன் இரண்டைத் தேடி எடுத்து வந்து கொடுத்தேன். அவர்கள் போட்டுக்கொண்டு போனார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருப் பையன் ஒருவன், வேலைக்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று உங்களிடம் வந்து நின்றானே, அவனுக்கு அந்த மேனேஜரின் பெயரைச் சொன்னீர்களா, தன்னம்பிக்கையைப் பற்றிச் சொன்னீர்களா? பக்கத்து வீட்டு அம்மா நல்ல டாக்டர் யார் என்று கேட்டபோது விலாசம் கொடுத்தீர்களா, நடைப்பயிற்சியின் நன்மைகளை எடுத்துச் சொன்னீர்களா? கையில் இருந்ததைக் கொடுக்காமல் வாயில் இருந்ததைக் கொடுத்தனுப்பிய நாள் எத்தனை? வீட்டில் கண்ணாடி இருந்தால் போய்ப் பாருங்கள். கோட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சுட்டிக்காட்டும் விரல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அது இருக்கட்டும். இவ்வளவு தூரம் பொறுமையாகக் கேட்டீர்கள், உங்களுக்கும் விற்பதற்கு ஏதோ இருக்கிறது போலிருக்கிறது. ரெட்டோவின் நம்பர் என்னிடம் இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்?

அருமையான கேள்வி.